வேலைக்குப் போய்வரும் கார்ச் செலவை வரியில் கழிக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில் வரிப் படிவம் கொடுக்கும் பருவமும் ஆடி மாதமும் சேர்ந்தே வருகின்றன. டர்பனில் கணக்கெழுதி, வரிப் படிவம் நிரப்பித் தருவது என் தொழில். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் இடத்தில் கிண்ணத்தோடு நிற்கும்போதே யாராவது பக்கத்தில் வந்து, "அக்கா, ஒரு சின்ன சந்தேகம்" என்று ஆரம்பிப்பார்கள். அந்தச் சின்ன சந்தேகம் பெரும்பாலும் காரைப் பற்றித்தான் இருக்கும். தமிழ் வகுப்பு வாசலிலும் கல்யாணப் பந்தியிலும் இதே கேள்விகளுக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை இங்கே எழுதி, கீழே பதிலைக் கொடுத்திருக்கிறேன்.

இதில் சார்ஸ் என்று வருவது தென்னாப்பிரிக்க வருவாய்ச் சேவை. வரி ஆண்டு என்றால் மார்ச் 1 முதல் பிப்ரவரி கடைசி நாள் வரை.

தினமும் என் சொந்தக் காரில்தான் வேலைக்குப் போறேன். அந்தப் பெட்ரோல் காசை வரியில கழிக்கலாமா அக்கா?

முடியாது. வீட்டிலிருந்து வேலை இடத்துக்குப் போவதும் அங்கிருந்து வீட்டுக்குத் திரும்புவதும் சொந்தப் பயணம். 1962ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம், பிரிவு 8(1)(பி)யில் இதை நேராகவே சொல்லிவிட்டது. குடியிருக்கும் இடத்துக்கும் வேலை பார்க்கும் இடத்துக்கும் நடுவே ஓட்டும் கிலோமீட்டர் தனிப்பட்ட கணக்கில்தான் சேரும். பெட்ரோல் மட்டுமில்லை, டயர், சர்வீஸ், இன்சூரன்ஸ் எல்லாவற்றுக்கும் இதே பதில். டாக்ஸியிலோ ரயிலிலோ போனாலும் கட்டணத்தைக் கழிக்க முடியாது.

சட்டத்தின் யோசனை இதுதான்: சம்பளம் தரும் வேலை, வேலை இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் தொடங்குகிறது. ஒரே அலுவலகத்தில் ஒரே மேசை வேலை பார்க்கும் இருவரில் ஒருவர் உம்லாங்காவில் அலுவலகத்துக்குப் பின்தெருவில் இருக்கிறார், இன்னொருவர் டோங்காட்டிலிருந்து வருகிறார். இருவர் செய்யும் வேலையும் ஒன்றுதான். வழியில் ஆகும் செலவு வீடு இருக்கும் இடத்தால் வருகிறதே தவிர வேலையால் வருவதில்லை என்று சட்டம் பார்க்கிறது.

என் வீடு ரொம்பத் தூரம். நேரத்துக்கு பஸ் கிடையாது, நைட் ஷிஃப்ட் வேற. கார் இல்லாம வேலையே பார்க்க முடியாது. அதுக்குமா கிடையாது?

கிடையாது. தூரம், நேரம், பஸ் இல்லாதது, ராத்திரியில் பாதுகாப்பில்லாதது எதுவும் கணக்கில் வராது. மடிக்கணினியோ வேலைச் சாமானோ காரில் ஏற்றிக்கொண்டு போனாலும் பதில் மாறாது.

இந்த இடத்தில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு, சொல்லிவிடுகிறேன். எங்கே குடியிருப்பது என்பது அவரவர் விருப்பம் என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. எங்கள் தாத்தா டர்பனில் மேகசின் பாரக்ஸ் என்ற நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பில் இருந்தவரை நகராட்சி வேலைக்கு நடந்தே போனார். எந்த இனத்தவர் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்துவைத்த குழுப் பகுதிகள் சட்டம் 1950இல் வந்தது. அதன் பேரில் 1960களில் அந்த மக்களைக் கூட்டம் கூட்டமாகத் தள்ளி இருந்த சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அவர் இருட்டோடு எழுந்து பஸ்ஸுக்கு ஓடினார். வீட்டுக்கும் வேலைக்கும் நடுவிலுள்ள அந்தத் தூரத்தை எங்கள் குடும்பம் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனாலும் படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இல்லை. அந்தக் கிலோமீட்டரை எழுதினால் ஏற்றுக்கொள்ளவும் மாட்டார்கள்.

என் தம்பி ஜெர்மனியில இருக்கான். அவன் வேலைக்குப் போற தூரத்துக்குக் கழிக்கிறானே?

அவர் சொல்வது சரிதான். ஜெர்மனியில் வீட்டுக்கும் வேலைக்கும் உள்ள ஒருவழித் தூரத்துக்குக் கிலோமீட்டர் கணக்கில் ஒரு தொகையைக் கழிக்க விடுகிறார்கள். 2025இல் முதல் 20 கிலோமீட்டருக்குத் தலா 30 சென்ட், 21ஆவதிலிருந்து 38 சென்ட். சென்னையிலிருந்து வேலைக்கு வந்தவர்களும் இதேபோல் கேட்பார்கள். இந்தியாவில் போக்குவரத்துப் படியில் மாதம் 1,600 ரூபாய்க்கு வரி விலக்கு இருந்தது, 2018இல் நிலையான கழிவு வந்தபோது அதை எடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கணக்கு. நீங்கள் வரி கட்டுவது இங்கே, அதனால் இங்குள்ள சட்டம்தான் உங்களுக்கு.

அப்போ எதைத்தான் வேலைப் பயணம்னு ஒத்துக்குவாங்க?

வேலையின் ஒரு பகுதியாக ஓட்டும் பயணத்தை. அலுவலகத்திலிருந்து வாடிக்கையாளரைப் பார்க்கப் போவது, ஒரே முதலாளியின் ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குப் போவது, கட்டட வேலை நடக்கும் இடத்தைப் பார்வையிடுவது, வேலை விஷயமாக வங்கிக்குப் போவது எல்லாம் இதில் வரும். பைன்டவுனில் அலுவலகம், அங்கிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஒரு கூட்டத்துக்குப் போய் மறுபடி பைன்டவுனுக்கே வருகிறீர்கள் என்றால் போக, வர இரண்டும் வேலைப் பயணம். அன்று மாலை பைன்டவுனிலிருந்து வீட்டுக்குப் போவது வழக்கம்போல் சொந்தப் பயணம்.

இப்படி வேலைப் பயணம் இருந்தாலும், சம்பளக்காரர் எல்லோராலும் அதைக் கழித்துவிட முடியாது. அதற்கு அடுத்த கேள்வியையும் படியுங்கள்.

வேலைக்காக நிறைய ஓட்டுறேன். ஆனா சம்பளச் சீட்டுல பயணப்படின்னு ஒண்ணும் இல்ல. கழிக்கலாமா?

பெட்ரோல், சர்வீஸ், இன்சூரன்ஸ் எதையும் கழிக்க முடியாது. சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் வேலைச் செலவென்று கழிக்கக்கூடியவற்றைப் பிரிவு 23(எம்) ஒரு சின்னப் பட்டியலுக்குள் அடைத்துவிட்டது. வண்டி ஓட்டும் செலவு அந்தப் பட்டியலில் இல்லை. ஆண்டு முடிந்து முதலாளி கொடுக்கும் ஐஆர்பி5 சான்றிதழை எடுத்துப் பாருங்கள். 3701 என்ற குறியீட்டுக்கு எதிரே தொகை இருந்தால் அது பயணப்படி. பயணச் செலவுக் கழிவு அந்தப் படிக்கு எதிராகத்தான் கிடைக்கும், அந்தத் தொகைக்கு மேலும் போகாது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. மொத்தச் சம்பளத்தில் பாதிக்கு மேல் கமிஷனாக வருபவர்களை 23(எம்) கட்டுப்படுத்தாது. இன்சூரன்ஸ் விற்பவர்கள், வீடு நிலம் விற்றுத் தருபவர்கள் பலர் இதில் வருவார்கள். பயணப்படி இல்லாவிட்டாலும் அவர்கள் வேலைப் பயணச் செலவைக் கழிக்கலாம். அவர்களுக்கும் வீட்டிலிருந்து அலுவலகம் போவது வேலைப் பயணம் ஆகாது.

மற்றவர்கள் முதலாளியிடம் பேச வேண்டும். ஓட்டிய கிலோமீட்டருக்குக் காசு கொடுங்கள் என்று கேட்பதில் தப்பே இல்லை. கம்பெனி வேலைக்குத் தன் காசில் பெட்ரோல் போட்டுக்கொண்டு, கேட்கக் கூச்சப்பட்டுப் பல வருடம் சும்மா இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து கேளுங்கள்.

கிலோமீட்டருக்கு இவ்வளவுன்னு கம்பெனியே குடுத்துடுது. அதுக்கு வரி உண்டா?

வேலைக்காக ஓட்டிய கிலோமீட்டருக்கு மட்டும், அரசு அறிவித்த விகிதத்துக்குள் கொடுத்தால் வரி இல்லை. மார்ச் 2024இல் தொடங்கிய வரி ஆண்டுக்கு அந்த விகிதம் கிலோமீட்டருக்கு 4.84 ரேண்ட், மார்ச் 2025இல் தொடங்கிய ஆண்டுக்கு 4.76 ரேண்ட். ஆண்டுதோறும் மாறும், அதனால் உங்கள் ஆண்டுக்கு உரியதைப் பாருங்கள். ஐஆர்பி5இல் இது 3703 என்ற குறியீட்டில் வரும். பார்க்கிங், சுங்கச்சாவடிக் கட்டணத்தைத் தனியாகத் திருப்பிக் கொடுத்தாலும் இந்தச் சலுகை கெடாது.

வீட்டிலிருந்து அலுவலகம் வரும் தூரத்துக்கும் சேர்த்து இதே விகிதத்தில் கொடுக்கும் முதலாளிகள் உண்டு. நல்ல மனதோடுதான் செய்வார்கள். ஆனால் அந்தப் பகுதி சம்பளம் மாதிரி, முழுக்க வரிக்கு உட்பட்டது.

மாசம் 8,000 ரேண்ட் பயணப்படி வருது. வீடு, ஆபீஸ் தவிர எங்கேயும் ஓட்டுறதில்ல. அந்தப் பணத்துக்கு வரி கம்மிதானே?

கம்மி மாதிரி தெரியும், ஆனால் அப்படி இல்லை. பலர் அடிவாங்குவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மாதாமாதம் சம்பளத்தில் வரி பிடிக்கும்போது, பயணப்படியில் 80 சதவீதத்துக்கு மட்டும் வரி பிடிப்பார்கள். வண்டியின் ஓட்டத்தில் குறைந்தது 80 சதவீதம் வேலைக்குத்தான் என்று முதலாளிக்கு உறுதியாகத் தெரிந்தால் 20 சதவீதத்துக்குப் பிடித்தால் போதும். பிடிக்காமல் விட்ட பாக்கியை சார்ஸ் மன்னித்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. ஆண்டு முடிந்து படிவம் கொடுக்கும்போது, வேலைப் பயணம் இவ்வளவு என்று நீங்கள் காட்டிய தொகை போக மிச்சம் முழுக்க வருமானத்தில் ஏறும்.

உங்கள் கணக்கைப் பாருங்கள். ஆண்டுக்கு 96,000 ரேண்ட். அதில் 76,800க்கு மாதாமாதம் வரி பிடித்தாயிற்று. மிச்சம் 19,200. வேலைப் பயணம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை என்பதால் கழிக்க ஒன்றும் இல்லை. உங்கள் வருமானம் 31 சதவீத வரி அடுக்கில் இருந்தால் 5,952 ரேண்ட் மொத்தமாகக் கட்டச் சொல்லிக் கடிதம் வரும். ரீஃபண்ட் வரும் என்று பிள்ளைக்குப் பள்ளிச் சீருடை வாங்கக் காத்திருந்த ஒரு தாய், இந்தக் கடிதத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தார். உங்களுக்கு அலைச்சல் இல்லாத வேலை என்றால், முழுப் படிக்கும் மாதாமாதம் வரி பிடிக்க முடியுமா என்று சம்பளப் பிரிவில் கேளுங்கள். இல்லாவிட்டால் மாதம் ஒரு தொகையைத் தனியாக எடுத்துவையுங்கள்.

கழிக்கணும்னா லாக்புக் வேணும்னு எல்லாரும் சொல்றாங்களே, அந்தப் பயணக் குறிப்பேட்டுல என்னதான் எழுதணும்?

மார்ச் 1 காலையில் வண்டி மீட்டர் காட்டும் எண், பிப்ரவரி கடைசி நாள் இரவு காட்டும் எண், இரண்டும் முதலில் வேண்டும். நடுவில் ஒவ்வொரு வேலைப் பயணத்துக்கும் தேதி, எங்கிருந்து எங்கே, எத்தனை கிலோமீட்டர், எதற்காக என்று எழுத வேண்டும். சொந்தப் பயணங்களை ஒவ்வொன்றாக எழுத வேண்டியதில்லை. மொத்த ஓட்டத்தில் வேலைப் பயணம் போக மிச்சமெல்லாம் சொந்தம். இரண்டு வண்டி வைத்திருந்தால் இரண்டு புத்தகம். நடுவில் வண்டியை விற்று வேறு வாங்கினால் அந்த நாளின் மீட்டர் எண்ணும் வேண்டும். சார்ஸ் தளத்தில் ஒரு லாக்புக் படிவம் கிடைக்கிறது, நாற்பது பக்க நோட்டுப் புத்தகமும் போதும்.

என்னிடம் வரும் ஒரு பெண் மருந்தகங்களுக்கு மருந்து விற்பனைக்குப் போகிறவர். அவர் நோட்டு கார்க் கதவின் பையில் கிடக்கும். முனையில் நூல் கட்டி ஒரு பேனா தொங்கும். சில வரிகள் நீலம், சில கறுப்பு, ஒரு பக்கத்தில் விபூதி படிந்த கட்டைவிரல் தடம். 'வெருலம், 31 கி.மீ., புது விலைப்பட்டியல் கொடுக்க' என்பது போல ஒவ்வொரு வரியும் இருக்கும். சரிபார்ப்புக்குக் கேட்டபோது அந்த நோட்டை அப்படியே படம் எடுத்து அனுப்பினோம், ஒரு ரேண்ட்கூட வெட்டவில்லை.

இன்னொருவர் அழகாகக் கணினியில் அச்சடித்துக் கொண்டுவந்தார். ஒரே ராத்திரியில் உட்கார்ந்து ஓர் ஆண்டையும் எழுதியிருந்தார். டிசம்பர் 25 அன்று பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் வாடிக்கையாளர் சந்திப்பு என்று ஒரு வரி. கடைகூடத் திறக்காத நாள். அதை அனுப்ப நான் ஒத்துக்கொள்ளவில்லை. அன்றன்று எழுதுங்கள், எஞ்சினை அணைத்ததும் எழுதிவிட்டு இறங்குங்கள். வண்டியில் டிராக்கர் இருந்தால் தூரத்துக்கு உதவும், ஆனால் எதற்காகப் போனீர்கள் என்பது டிராக்கருக்குத் தெரியாது.

எங்க மாமா லாக்புக்கே இல்லாம வருஷா வருஷம் கழிச்சேன்னு சொல்றாரே?

மாமா பொய் சொல்லவில்லை. அவர் சொல்வது பழைய முறை. அப்போது ஆண்டின் முதல் 18,000 கிலோமீட்டர் சொந்தப் பயணம் என்று வைத்துக்கொண்டு, மொத்தம் 32,000 வரை உள்ள மிச்சத்தை வேலைப் பயணமாக ஏற்றுக்கொண்டார்கள். அதாவது நோட்டு எதுவும் இல்லாமலே 14,000 கிலோமீட்டர் வரை காட்டலாம். 2010 மார்ச் 1ஆம் தேதியிலிருந்து அந்த வழியை மூடிவிட்டார்கள். இப்போது லாக்புக் இல்லை என்றால் கழிவு இல்லை.

வேலைக்குப் போய்வருவதைக் கழிக்கலாம் என்ற எண்ணம் நம் மக்களிடையே இன்னும் ஓடிக்கொண்டிருப்பதற்கு அந்தக் காலம்தான் காரணம் என்று நினைக்கிறேன். வெறும் அலுவலகம், வீடு என்று நிறைய ஓட்டியவர்களுக்கும் அந்தக் கணக்கில் ஏதோ கிடைத்தது. சட்டம் அப்போதும் அதைச் சொந்தப் பயணம் என்றுதான் சொன்னது, யாரும் நோட்டைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பயணப்படி இருக்கு, லாக்புக்கும் இருக்கு. எவ்வளவு கழிக்கலாம்னு எப்படிக் கணக்குப் போடுறது?

இரண்டு வழி உண்டு. ஒன்று, அரசு அட்டவணை. வண்டியின் விலையைப் பொறுத்து ஆண்டுக்கு ஒரு நிலையான செலவு, கிலோமீட்டருக்கு எரிபொருள் செலவு, கிலோமீட்டருக்குப் பராமரிப்புச் செலவு என்று மூன்று எண் இருக்கும். நிலையான செலவை ஆண்டின் மொத்தக் கிலோமீட்டரால் வகுத்து, மற்ற இரண்டையும் கூட்டி, வேலைக் கிலோமீட்டரால் பெருக்க வேண்டும். பெட்ரோலும் சர்வீஸும் உங்கள் காசில் போட்டால்தான் அந்தந்த எண்ணை எடுக்கலாம். கம்பெனி அட்டையில் பெட்ரோல் போடுபவர் எரிபொருள் எண்ணை விட்டுவிட வேண்டும்.

இரண்டாவது, உண்மைச் செலவு. எல்லா ரசீதும் கையில் இருக்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டுக்கு, ஆண்டு முழுக்க 30,000 கிலோமீட்டர் ஓடியது, அதில் 9,000 வேலைக்கு. பெட்ரோல், சர்வீஸ், இன்சூரன்ஸ், லைசென்ஸ், கடன் வட்டி, ஏழு ஆண்டுக்குப் பிரித்த தேய்மானம் எல்லாம் சேர்த்து 1,20,000 ரேண்ட். கிலோமீட்டருக்கு 4 ரேண்ட். கழிவு 36,000 ரேண்ட். 31 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு வரியில் 11,160 ரேண்ட் மிச்சம்.

வீடு அலுவலகத்திலிருந்து 20 கிலோமீட்டரில் இருந்து, 230 நாள் போய்வந்தால் 9,200 கிலோமீட்டர் ஆகும். மேலே சொன்ன வேலைப் பயணத்தைவிட அதிகம்! அதையும் நோட்டில் சேர்க்கலாமே என்று கை துறுதுறுக்கும். சேர்க்காதீர்கள். தினமும் காலையில் ஒரே தூரம், மாலையில் ஒரே தூரம் என்று வரும் வரிகள் சரிபார்ப்பவர் கண்ணில் உடனே படும்.

காலைல வீட்டிலிருந்து நேரா கஸ்டமரைப் பார்த்துட்டு அப்புறம் ஆபீஸ் போறேன். இது எதுல சேரும்?

சட்டம் விலக்குவது வீட்டுக்கும் உங்கள் வேலை இடத்துக்கும் நடுவிலான பயணத்தை. வாடிக்கையாளரின் இடம் உங்கள் வேலை இடம் இல்லை. அன்று முழுக்க அவரிடமே இருந்துவிட்டு வீடு திரும்பினால் போக, வர இரண்டும் வேலைப் பயணம் என்று எழுதலாம்.

வழியில் எட்டிப் பார்த்துவிட்டு அலுவலகம் போவதில் நான் கொஞ்சம் கட்டுப்பாடாக இருப்பேன். வழக்கமான தூரம் 20 கிலோமீட்டர், அன்று சுற்றிப் போனதால் 34 ஆனது என்றால், கூடுதலாக ஓடிய 14ஐ மட்டும் எழுதச் சொல்வேன். இதைவிடத் தாராளமாக எழுதச் சொல்லும் கணக்கர்களும் உண்டு. ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில் தபால் பெட்டியில் ஓர் உறையைப் போட்டதற்காக முழு வழியும் வேலைப் பயணம் என்று எழுதினால் எதிர்த்துக் கேட்கும்போது பதில் சொல்ல முடியாது.

வாரத்துல மூணு நாள் வீட்டிலிருந்தே வேலை. அப்போ வீடுதானே என் ஆபீஸ்? மீதி நாள் ஆபீஸ் போறது வேலைப் பயணம்தானே?

இல்லை. வீட்டில் வேலை பார்த்தாலும் அது நீங்கள் குடியிருக்கும் இடம்தான், முதலாளியின் அலுவலகம் உங்கள் வேலை இடம்தான். முதல் கேள்வியில் சொன்ன வாசகம் அப்படியே பொருந்தும். வீட்டில் தனி அறையை அலுவலகமாக வைத்து அதன் செலவைக் கழிப்பது வேறு விஷயம், அதற்கு வேறு நிபந்தனைகள். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நான் நர்ஸ். ராத்திரி ரெண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் போகணும். அதுவும் கழிக்க முடியாதா?

சொந்தக் காரில் வழக்கமாக வேலை பார்க்கும் மருத்துவமனைக்குத்தான் போகிறீர்கள் என்றால், எத்தனை மணிக்குப் போனாலும் அது வீட்டிலிருந்து வேலை இடத்துக்குப் போவதுதான். சொல்லவே எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒரு மருத்துவமனையிலிருந்து வேலையாக இன்னொன்றுக்கோ நோயாளி வீட்டுக்கோ அனுப்பினால் அது வேலைப் பயணம், அதை எழுதுங்கள்.

கம்பெனி ஒரு பாக்கி வண்டி (பிக்கப்) குடுத்திருக்கு. அதை வீட்டுக்கும் எடுத்துட்டுப் போறேன். எனக்கு ஏதாவது வரி வருமா?

பொதுவாக வரும். வண்டியின் மதிப்பில் மாதம் 3.5 சதவீதம் உங்களுக்குக் கிடைத்த வருமானமாகச் சேரும். வாங்கும்போதே பராமரிப்புத் திட்டத்தோடு வாங்கிய வண்டி என்றால் 3.25 சதவீதம். 3,00,000 ரேண்ட் வண்டிக்கு 3.5 என்றால் மாதம் 10,500. ஐஆர்பி5இல் 3802 என்று வரும். லாக்புக் வைத்து, 40 சதவீத ஓட்டம் வேலைக்கு என்று காட்டினால் ஆண்டுக்கு 1,26,000 என்பது 75,600 ஆகக் குறையும். இந்தக் கணக்கிலும் வீடு, அலுவலகம் சொந்தப் பயணம்தான்.

ஆனால் வேலைக்குப் போய்வருவதைச் சட்டம் விட்டுக்கொடுக்கும் இடமும் ஒன்று இருக்கிறது. வேலை நேரம் முடிந்த பிறகும் அடிக்கடி அந்த வண்டியோடு வேலைக்கு ஓட வேண்டிய பொறுப்பு உங்களுக்கு இருக்கிறது, வீட்டுக்கும் வேலைக்கும் போய்வருவது தவிர வேறு சொந்த உபயோகத்துக்கு எடுக்க அனுமதி இல்லை என்றால், அந்த வண்டியின் சலுகை மதிப்பு பூஜ்யம். குளிர்பதனப் பெட்டி பழுதுபார்ப்பவர், மின்சாரக் கோளாறுக்கு ஓடுபவர் இதில் வரலாம். அனுமதி இல்லை என்பதை முதலாளியிடமிருந்து எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும் பழக்கம் இருந்தால் இந்தச் சலுகையை மறந்துவிடுங்கள்.

தொழிற்சாலை எல்லாத் தொழிலாளரையும் பொதுவாக ஏற்றி இறக்கும் வேனுக்கும் பஸ்ஸுக்கும் உங்களுக்கு வரி இல்லை.

எனக்குச் சொந்தக் கடை. எனக்கும் இந்தச் சட்டமா?

வீட்டிலிருந்து கடைக்குப் போவது உங்களுக்கும் சொந்தப் பயணம்தான். விடியற்காலையில் கடையிலிருந்து கிளேர்வுட் மொத்தச் சந்தைக்குப் போய்க் காய்கறி ஏற்றி வருவது, வாடிக்கையாளருக்குச் சரக்குக் கொண்டுபோவது தொழில் பயணம். உங்களுக்கு 3701 தேவையில்லை. வண்டிச் செலவு முழுவதையும் கூட்டி, லாக்புக் காட்டும் விகிதத்தில் தொழில் செலவாக எழுதலாம். காருக்குத் தேய்மானம் ஐந்து ஆண்டுக்குப் பிரித்து வரும், அதிலும் அதே விகிதம்தான்.

எனக்கு சார்ஸே தானா கணக்குப் போட்டு அனுப்பிட்டாங்க. அதுல காரைப் பத்தி ஒண்ணும் இல்லையே?

இருக்காது. முதலாளி, வங்கி, மருத்துவத் திட்டம் அனுப்பும் விவரங்களை வைத்துத்தான் அந்தத் தானியங்கிக் கணக்கு வருகிறது. உங்கள் கார்க் கதவுப் பையில் இருக்கும் நோட்டு அவர்களுக்குத் தெரியாது. பயணப்படியும் லாக்புக்கும் இருந்தால் படிவத்தைத் திறந்து நீங்களே விவரத்தைச் சேர்த்து, கடைசித் தேதிக்குள் கொடுக்க வேண்டும். 2025இல் அந்தத் தேதி அக்டோபர் 20. அதை விட்டுவிட்டு நவம்பரில் வந்தவர்களுக்கு என்னால் அதிகம் உதவ முடியவில்லை.

தெரியாம ரெண்டு வருஷமா வீடு, ஆபீஸ் கிலோமீட்டரையும் சேர்த்துக் கழிச்சுட்டேன் அக்கா. இப்ப என்ன பண்றது?

பயப்பட வேண்டாம், ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம். சார்ஸ் இன்னும் சரிபார்ப்போ தணிக்கையோ தொடங்கவில்லை என்றால் இணையத்தில் அந்த ஆண்டுப் படிவத்தைத் திருத்திக் கொடுக்கலாம். பெரிய தொகை என்றால் தானாக முன்வந்து ஒப்புக்கொள்ளும் திட்டம் ஒன்று வரி நிர்வாகச் சட்டத்தில் இருக்கிறது. கட்ட வேண்டிய வரியும் வட்டியும் கட்டத்தான் வேண்டும், அபராதம் இல்லாமலோ மிகக் குறைவாகவோ முடிந்துவிடும். அவர்களாகக் கண்டுபிடித்தால், போதிய கவனமில்லாமல் செய்த தப்புக்கே குறைவாகக் காட்டிய வரியில் 25 சதவீதம் அபராதம் வரலாம். வேண்டுமென்றே செய்தது என்று முடிவானால் 150 சதவீதம்.

கடிதம் வந்துவிட்டது, ஆனால் உங்கள் கணக்கு சரிதான் என்று நம்புகிறீர்களா? கேட்ட ஆவணங்களைக் கடிதத்தில் உள்ள நாளுக்குள் அனுப்புங்கள். கழிவை மறுத்து முடிவு வந்தால் ஆட்சேபிக்க 80 வேலை நாள் இருக்கிறது. அதற்கு லாக்புக்கும் ரசீதும் வேண்டும், படிவம் கொடுத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டு அவற்றை வைத்திருக்க வேண்டும். பெட்ரோல் ரசீதில் மை சீக்கிரம் மங்கிவிடும், வாங்கிய அன்றே தொலைபேசியில் படம் எடுத்துவிடுங்கள். திருத்த வேண்டிய இரண்டு ஆண்டு ஐஆர்பி5, கையில் இருக்கும் நோட்டு, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள், உட்கார்ந்து பார்க்கலாம்.